மூன்று குண்டில் சாக வேண்டியவன் எழுதுவது

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

தங்கள் நாடகக் குழுவின் சாமான் பெட்டிகளுக்கு நெடுங்காலப் பொறுப்பாளனும், தங்கள் கால் முறிந்த காரணத்தால் நேற்று முதல் வில்லனுமாகிய மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம். என் மானம் மட்டும்தான் நலமில்லை. தங்கள் காலும் அக்காவின் ரத்த அழுத்தமும் சீராக இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் மேற்கொண்டு அக்காவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

கடைசிக் காட்சியில் வில்லன் மூன்று குண்டு வாங்கிச் சாக வேண்டும் என்பது தாங்களே வகுத்த முறை. முதல் குண்டுக்கு நெஞ்சைப் பிடிப்பது, இரண்டாவதுக்கு மண்டியிடுவது, மூன்றாவதுக்கு ஒரு வசனம் பேசிவிட்டுச் சாய்வது. இத்தனை வருஷமாகத் தாங்கள் சாவதைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்து, நமக்கும் ஒரு நாள் இப்படிச் சாகக் கொடுத்துவைக்காதா என்று ஏங்கியவன் நான். வாய்ப்பு வந்ததும் மனைவியையும் சம்பந்தி வீட்டாரையும் முன்வரிசையில் உட்கார வைத்தேன். ஆனால் கதாநாயகனாக நடிக்கும் தங்கள் மகன், என் அருமை மருமகன், என்ன செய்தான் தெரியுமா? நம் பழைய ரிவால்வரைத் தொடவே மாட்டேன் என்று சொல்லி, நாடகத்துக்கென்றே விற்கிற புது பிஸ்டல் ஒன்றை வாங்கி வந்துவிட்டான். "மாமா, இது தானாவே லோடு ஆகும். நீங்க சும்மா வந்து செத்தாப் போதும்" என்றான்.

தானாகவாம்! அத்தான், எந்தத் துப்பாக்கியும் தானாக எதையும் செய்யாது. ரிவால்வருக்கு நம் விரல்தான் வேலைக்காரன். விசையை இழுத்தால் உருளை சுற்றும், அடுத்த தோட்டா வந்து நிற்கும், ஒன்று வெடிக்காவிட்டாலும் மறுபடி இழுத்தால் அடுத்தது வெடிக்கும். இந்தப் பிஸ்டலுக்கோ முந்தைய வெடிதான் வேலைக்காரன். வெடிக்கிற வேகம் மேல்பாகத்தைப் பின்னால் தள்ள வேண்டும், வெடித்த தோட்டாவின் காலிக் கூடு வெளியே பறக்க வேண்டும், ஸ்பிரிங் அடுத்ததை உள்ளே ஏற்ற வேண்டும். வெடியில் தெம்பு இல்லையென்றால் எல்லாம் அப்படியே நின்றுபோகும். தெம்பு எங்கே இருக்கும்? மேடைக்குக் கீழே உட்காரும் வயலின்காரருக்குப் படபடப்பு வருகிறது என்று நாம் எப்போதும் பாதி வெடிமருந்துத் தோட்டாதானே வாங்குகிறோம்? சத்தம் வரும், குண்டு வராது, வயலின்காரரும் பிழைப்பார். ரிவால்வர் அதை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. நேற்றும் பழக்கதோஷத்தில் அதையே போட்டுக் கொடுத்துவிட்டேன்.

முதல் குண்டு 'டப்' என்றது. நெஞ்சைப் பிடித்தேன். சபையே உச்சுக்கொட்டியது. அடடா, நானா இது என்று எனக்கே ஒரு பூரிப்பு. பிறகு ஒன்றும் இல்லை. மருமகன் விசையை இழுக்கிறான், இழுக்கிறான், காலிக் கூடு மேல்பாகத்தின் வாயிலே சிக்கிக்கொண்டு பல்லைக் காட்டுகிறது. "மாமா, செத்துருங்க" என்று கெஞ்சுகிறான். "எதனாலடா சாவேன்? சுட்டாத்தானே!" என்று பல்லைக் கடித்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "விடுப்பா தம்பி, வயசானவரு, கொஞ்ச நாள்ல அவரே போயிருவாரு" என்றார். சிரிப்பு கிளம்பிவிட்டது. வேறு வழியில்லாமல் வில்லன் குரலிலேயே, "அற்பனே! மேல்பாகத்தைப் பின்னாடி இழுத்து விடு!" என்று கர்ஜித்தேன். இழுத்தான். சிக்கியிருந்த கூடு சூடாகப் பறந்துபோய் வயலின்காரரின் சட்டைக்குள் விழுந்தது. அவர் "ஐயோ" என்று துள்ளி எழுந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து இரண்டாவது குண்டு வெடித்தது. மண்டியிட மறந்துவிட்டேன். மறுபடி சிக்கல். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே நடந்துபோய், அவன் கையிலிருந்து பிடுங்கி, நானே இழுத்துவிட்டு, "இந்தா, இப்பச் சுடு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு என் இடத்துக்கு வந்து நின்றேன். கொலைகாரனுக்குக் கூடமாட ஒத்தாசை செய்த பிணம் உலகத்திலேயே நான் ஒருவன்தான் அத்தான்!

ஒருவழியாகச் செத்தேன். கைதட்டல் இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. அரங்கு முதலாளி கதவோரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றார். சம்பந்தி என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். வீட்டுக்கு வந்தால் மனைவி, "ஒரு வேலையையாவது சட்டுனு முடிச்சிருக்கீங்களா? சாவுலயும் இழுவைதானா?" என்கிறாள். ராத்திரி சோறு இறங்கவில்லை. அழுதேன் என்றே சொல்கிறேன், தங்களிடம் என்ன வெட்கம்?

ஆகவே, தங்கள் அறையில் பூட்டியிருக்கும் ரிவால்வர் பெட்டியின் சாவியை உடனே அனுப்பி வைக்கவும். இல்லையேல் இனி நான் சாவதாக இல்லை. தாங்களே காலை இழுத்துக்கொண்டு வந்து செத்துக்கொள்ளலாம்.

அக்காவுக்கு என் வணக்கமும், முறிந்த காலுக்கு என் அன்பும்.

இப்படிக்கு,
சரியாகச் சாகவும் விடப்படாத
மைத்துனன்

பின்குறிப்பு: சாவியை அனுப்ப வேண்டாம். இப்போதுதான் அரங்கு முதலாளி வந்து என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். துண்டுக்குள்ளே அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இந்த வாரம் முழுக்க டிக்கெட் தீர்ந்துவிட்டதாம், வில்லன் தினமும் இதேபோலத்தான் சாக வேண்டுமாம். சம்பந்தி வீட்டிலிருந்து வேறு மறுபடி வருகிறார்களாம். தாங்கள் அவசரப்படாமல் கால் நன்றாகக் கூடும்வரை ஓய்வெடுக்கவும். ஒரே ஒரு சிக்கல். காலையில் ஆத்திரத்தில் அந்தப் பிஸ்டலைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, விறைப்பாக இருந்த ஸ்பிரிங்கையும் இளக்கி வைத்துவிட்டேன். இப்போது அதே பாதி மருந்துக்கு ஒரு தடவைகூடச் சிக்காமல் மடமடவென்று சுட்டுத் தள்ளுகிறது. இன்று மாலைக் காட்சியில் அது எப்படியாவது சிக்கிக்கொள்ள வேண்டும் என்று அக்காவை வேண்டிக்கொள்ளச் சொல்லவும்.