காற்றுக்கு டிக்கெட் வாங்கிய கதை

"டீச்சருங்களுக்கு இன்னாடி, ஃபேனுக்குக் கீழ ஒக்காந்தா மாசம் பொறந்ததும் சம்பளம்."

பஸ்ஸில் என் பின் சீட்டில் இருந்த அம்மா, பக்கத்து அம்மாவிடம் சொன்னது இது. அந்த நேரத்தில் ஃபேனுக்குக் கீழே உட்காராத ஒரு டீச்சர், காற்றில்லாத பந்துகள் நிறைந்த பையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் இருந்தாள். நான்தான்.

அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. ஆம்பூருக்குப் போய்ப் பந்துகளுக்குக் காற்றடித்து வருவது.

நான் எங்கள் ஊர் தொடக்கப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பக்கத்தில் உள்ள ஒரு ஷூ கம்பெனி, போன வருஷம் உடற்கல்வியை மேம்படுத்த எங்கள் பள்ளிக்கு நிதி கொடுத்தது. மேம்பட்டது. முதலில் கோப்பைகள் வைக்க ஒரு கண்ணாடி அலமாரி வந்தது. நாங்கள் எந்தப் போட்டிக்கும் போனதில்லை, ஆனாலும் அலமாரி தயார். அடுத்து, சுவரில் ஓடுகிற பையன் ஓவியம். அவன் ஒருவன்தான் எங்கள் பள்ளியில் ஓட அனுமதி பெற்றவன். அதற்குப் பிறகு ஹெச்.எம். மேடத்துக்கு ஒரு சுழல் நாற்காலி.

"ஒக்காந்த எடத்துலேர்ந்து மைதானத்த மொத்தமா கவனிக்கணும் இல்ல?" என்றார் மேடம்.

மிச்சத்தில்தான் பந்துகள், காற்றடிக்காமல் சப்பையாக. வந்த அன்றே ஃபோட்டோ எடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"புள்ளைங்க கைல குடுத்தா தேஞ்சுடும் மிஸ். நாளைக்கு ஆடிட்ல கேட்டா யாரு பதில் சொல்றது?"

விளையாட்டுக்குப் பொறுப்பாசிரியர் நான். தேர்வு நடந்த விதம் இது: "நீங்கதான் ஒல்லியா இருக்கீங்க." எதிர்த்துப் பேச வாயைத் திறந்தேன். வழக்கம்போல் "சரிங்க மேடம்" என்று வந்தது.

பிள்ளைகளுக்கு விளையாட்டு பீரியட் என்றால் மைதானத்தில் காகிதம் பொறுக்குவது. நாலாம் வகுப்பு தாரணி மட்டும் ஷூ கம்பெனி வீசிய தோல் கட்டிங்கைச் சுருட்டி, டேப் சுற்றி, ஒரு உருண்டை செய்து உதைத்துக்கொண்டிருந்தாள். அதையும் "நாத்தம்" என்று மேடம் பிடுங்கிப் போட்டுவிட்டார். அதிலிருந்து தாரணி தினமும் என்னிடம்தான் வருவாள்.

"மிஸ், பீரோல இருக்கற பந்து எப்ப மிஸ்?"

அன்று காலையும் பையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "இன்னைக்கா மிஸ்?"

"இன்னைக்குதான்."

"சத்தியமா?"

"சத்தியமா."

என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது! மேடத்தைக் கேட்கவே இல்லை. மதியம் கம்பெனியிலிருந்து ஹெச்.ஆர். சார் பார்வையிட வருகிறார், பந்து உருண்டையாகத் தெரிய வேண்டும். மேடத்துக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆம்பூரில் இறங்கி, ஹைவே ஓரமாக இருந்த பங்க்சர் கடைக்குப் போனேன்.

"பாய், இதுக்குக் காத்தடிக்கணும்."

பாய் பைக்குள் எட்டிப் பார்த்தார். "ஊசி கீதா?"

"ஊசியா?"

"பந்துக்கு ஊசி வேணும்மா. நான் லாரிக்கு அடிக்கறவன்."

அலமாரி வாங்கினோம், நாற்காலி வாங்கினோம், ஊசி வாங்கவில்லை. பஜார் முழுக்க அலைந்து, கடைசியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் ஊசி கிடைத்தது. கடைக்கார அக்கா, "தையலுக்கா, கோணி தைக்கவா?" என்று கேட்டு இரண்டையும் காட்டிய பிறகுதான் பந்தையே வெளியே எடுத்துக் காட்டினேன். முதலிலேயே காட்டியிருக்கலாம். வெட்கம்.

பாய் முதல் பந்தைக் கம்ப்ரஸரில் மாட்டினார். பந்து பெருத்தது. இன்னும் பெருத்தது. "போதும் பாய்" என்று சொல்ல நினைத்தேன். நினைத்தேனே தவிர, சொல்லவில்லை.

டமார்!

எதிரே பிரியாணிக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு வெளியே வந்து பார்த்தார்கள்.

"இன்னாம்மா இது, மட்டமான மாலு!" பாய் என் மேலேயே பாய்ந்தார். "ஸ்கூலுக்குன்னா எது வேணா குடுத்துடுவானுங்களா?"

மீதிப் பந்துகளுக்குப் பார்த்துப் பதமாக அடித்தார். எல்லாம் முடிந்து, கும்மென்று வரிசையாக நின்றன. பெருமையாக இருந்தது. குனிந்து ஒரு பந்தைப் பைக்குள் போட்டேன். பை நிறைந்துவிட்டது.

கூட்டத்தில் ஒருவர் சாவகாசமாகக் கேட்டார். "ஏம்மா, ஊசிய எடுத்துட்டுப் போய் ஸ்கூலாண்ட சைக்கிள் பம்புல அடிச்சிருக்கலாமே?"

பி.எஸ்சி. பிசிக்ஸ். பி.எட். காற்றடித்தால் பந்து பெருக்கும் என்பது எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது.

"பேஜாரா பூட்ச்சே" என்று பாய் உள்ளே போய், ஒரு பழைய பேனரைக் கொண்டுவந்து மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார். யாரோ ஒரு பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழா பேனர். 'அனைவரும் வருக' என்ற எழுத்து என் நெஞ்சுக்கு நேராக வந்தது. அப்படியே பஸ் ஏறினேன்.

கண்டக்டர் மூட்டையைச் சுற்றி வந்தார். "உனக்கு ஃப்ரீம்மா. இதுக்கு லக்கேஜ் போடணும்."

எனக்கு முன்னால் பட்டுப்புடவைக் கூட்டம் ஒன்று கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஓர் அக்கா கேட்டார், "உள்ள இன்னா கீது?"

"பந்து. காத்துதாங்க்கா" என்றேன்.

"யோவ், காத்துக்கா டிக்கெட் போடுற?"

"எடத்த அடைக்குதே!"

போட்டுவிட்டார். மாநிலம் முழுக்கப் பெண்கள் டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போகிறோம். காற்றுக்கு டிக்கெட் எடுத்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

அடுத்த வேகத்தடையில் முடிச்சு அவிழ்ந்தது. அத்தனை பந்தும் பஸ் முழுக்க ஓடின. பிரேக் போட்டால் முன்னால், கிளம்பினால் பின்னால். பட்டுப்புடவைக் கூட்டம் முதலில் கத்தியது. பிறகு சிரித்தது. அப்புறம் ஆட ஆரம்பித்துவிட்டது.

"ஏய் மஞ்சு, புடி!"

"அத்தைக்குப் போடுடி, அத்தைக்கு!"

அத்தை ஒரே கையால் பிடித்துப் பின் சீட்டுக்கு வீசினார். அந்த நிதியால் முதன்முதலில் உடற்கல்வி பெற்றவர்கள் அவர்கள்தான்.

"யார்றா பந்து எடுத்தாந்தது? கால்ல பூந்துக்குது!" டிரைவர் பஸ்ஸையே நிறுத்திவிட்டார். நான் சீட்டுக்கு அடியில் தவழ்ந்து பந்து பொறுக்கினேன். வேர்வை வழிய, தலை கலைந்து, எங்கள் பள்ளி விளையாட்டுத் துறை ஒருவழியாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது.

மேடம் பந்துகளைப் பார்த்துத் திகைத்தார். "இவ்ளோ பெருசா இருக்கும்னு யாரும் சொல்லலியே?"

ஹெச்.ஆர். சார் வந்தார். காலி அலமாரியைப் பார்த்தார். "வெரி குட். அவுட்புட் தெரியுது மேடம். புள்ளைங்க விளையாடற மாதிரி ஒரு சின்ன வீடியோ வேணும்."

நாலாம் வகுப்பு வரிசையில் நின்றது. மேடம் கட்டளைகள் கொடுத்தார். "பந்தை நெஞ்சோட புடிங்க. கால் படக் கூடாது, அழுக்காயிடும். சிரிங்க!"

சிரித்தார்கள்.

"கொஞ்சம் மூவ்மெண்ட் இருந்தா நல்லாருக்கும்" என்றார் சார்.

மேடம் யோசித்தார். "எல்லாரும் தலைய ஆட்டுங்க."

ஆட்டினார்கள். சார் கைகுலுக்கிவிட்டுக் கார் ஏறிப் போனார்.

"மிஸ், எல்லாத்தையும் வாங்கி பீரோல வைங்க."

வைத்தேன். கதவைச் சாத்த முடியவில்லை. முழங்காலால் அழுத்தியும் பார்த்தேன்.

"அப்ப காத்த எறக்கிடுங்க" என்றார் மேடம், சுழல் நாற்காலியில் திரும்பியபடி.

மைதானத்துக்குத் திரும்பினேன். ஒரு பந்து மட்டும் வரவில்லை. தாரணி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தாரணி, மிஸ் கைல குடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

தாரணி என்னைத்தான் பார்த்தாள். "மிஸ், சத்தியம் பண்ணீங்களே?"

நீட்டப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

அவள் பந்தைக் கீழே வைத்தாள். இரண்டு அடி பின்னால் போனாள். விட்டாள் ஒரு உதை! பந்து ஓவியப் பையன் தலைக்கு மேலே போய், காம்பவுண்டைத் தாண்டி, வேர்க்கடலைக் கொல்லையில் விழுந்தது.

"ஐயோ, ஸ்டாக்!" மேடம் வாசலுக்கு ஓடி வந்தார். "யாரும் நகரக் கூடாது! மிஸ், நீங்க மட்டும் போய் எடுத்துட்டு வாங்க!"

அதற்குள் நாலாம் வகுப்பு மொத்தமும் கேட்டுக்கு ஓடிவிட்டது. கேட்டின் மேல் தாழ்ப்பாள் போட்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"மிஸ், காதுல விழுதா? புள்ளைங்கள உள்ள அனுப்புங்க!"

நான் போய் கேட்டைத் திறந்து, இரண்டு பக்கமும் அகலத் தள்ளிவிட்டேன்.