பாண்டமோனியம் அண்ணாச்சி கேட்காத சத்தம்

தாமிரபரணியின் இரண்டு கரையிலும் எழும்புகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் சரியான இங்கிலீஷ் பெயர் வைக்கும் பொறுப்பு தம் தலையில்தான் விழுந்திருக்கிறது என்று நம்பிய ஒரே மனிதர், எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. பாளையங்கோட்டையில் மற்ற எல்லோருக்கும் அவர் பாண்டமோனியம் அண்ணாச்சி.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் வாரமே ஒரு கடிதத்தில், பெருங்கூச்சல் என்பதற்கு 'பாண்டமோனியம்' என்று எழுதி, டைப் அடிக்க அவரிடம் நீட்டினேன். வாசித்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன்வே, எத்தனை பேரு கத்துனாவ?"

"நாலு பேரு இருக்கும் அண்ணாச்சி."

"நாலு பேருக்குப் பாண்டமோனியமா? அந்த வார்த்த தாங்குமாவே?"

அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் சாதாரண நாளில் கேட்பது ஹப்பப். பாத்திரக் கடைத் தெருவில் ஓயாமல் கேட்பது டின். ஜவுளிக்கடைக்குள் மாடு புகுந்தால் கமோஷன். பொதுக்கூட்டத்தில் தலைவர் வாயைத் திறக்கும்போது மைக் செத்துப்போனால் அப்ரோர். பாண்டமோனியத்தை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார். ஆற்றில் பெருவெள்ளம் வந்த அன்று. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். "பிள்ளையளத் தேடி அத்தன பேரும் ஒண்ணாக் கத்துனாவவே. அந்த வார்த்தய ஆபீஸ் காரியத்துக்குத் தொடாதியும்" என்பார்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. தம் காதால் கேட்காத சத்தத்தை அவர் டைப் அடிக்க மாட்டார். ரைஸ் மில் இரைச்சலைப் பற்றி ஒரு மனு வந்தது. மனிதர் டவுன் பஸ் பிடித்துப் போய், மூன்று சாயங்காலம் மில் வாசலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நாலாம் நாள்தான் கடிதம் கிளம்பியது. மில்காரர் அதற்குள் பயந்துபோய் மோட்டாரையே மாற்றிவிட்டார்.

இவரை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த என் தலையிலேயே ஒருநாள் பீரோ விழப் பார்த்தது. நிஜமாகவே இரும்பு பீரோதான். பின்னால் விழுந்த ஃபைலை எடுக்க அதைச் சற்று நகர்த்தினேன். அது என்னைக் கேட்காமல் சாய்ந்தது. நான் தப்பினேன். மேலே இருந்த பித்தளைக் கூஜாவும், ஆறு டீ கிளாஸும், போன வருஷத்து மனுக்கட்டுகளும் தரையில் உருண்டன. கேஷியர் அக்கா "ஐயையோ!" என்று அலறினார். வராந்தாவில் காத்திருந்த ஜனம் "கட்டடம் இடியுது!" என்று கூவிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. சரியாக அந்த நேரம் பார்த்து மேனேஜர் சென்னையிலிருந்த பெரிய அதிகாரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

ஒரே வாரத்தில் மெமோ வந்தது. அலுவலக நேரத்தில் நடந்த பாண்டமோனியத்துக்குக் காரணம் என்ன, பொறுப்பான ஊழியர் பெயர் என்ன, உடனே தெரிவிக்கவும்.

 எனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் பாக்கி. அம்பாசமுத்திரத்தில் பெண் பார்த்து, வேலை உறுதியானதும் தேதி குறிப்பதாகப் பேச்சு. பெண்ணின் அப்பா வாரம் தவறாமல் இன்லாண்ட் லெட்டர் போடுவார். "வேலை நிரந்தரமாயிட்டா?" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இருக்காது. பொறுப்பான ஊழியர் என்று என் பெயர் சென்னைக்குப் போனால், வேலையும் போச்சு, கல்யாணமும் போச்சு. மெமோவுக்குப் பதில் அடிக்க வேண்டியவர் வேறு யார்? அண்ணாச்சிதான்.

"அன்னைக்கு நான் லீவுல்லாவே. ஆழ்வார்குறிச்சியில மச்சினன் வீட்டு விசேஷம். கேக்காத சத்தத்த எப்படி அடிப்பேன்?"

"அண்ணாச்சி, என் பொழப்பே இதுலதான் இருக்கு. ஏதாவது ஒரு வார்த்த போட்டு அனுப்புங்க."

"அதெப்படி? பீரோவ மறுபடி தள்ளும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் ஏற்பாடுகளில் இறங்கிவிட்டார். கூஜா மேலே ஏறியது. டீக்கடையிலிருந்து ஆறு கிளாஸ் வந்தது. "யக்கா, அன்னைக்கு எப்படி அலறுனியளோ அப்படியே அலறணும். கூட்டியும் வேண்டாம், குறைச்சும் வேண்டாம்" என்று கேஷியர் அக்காவிடம் கறாராகச் சொன்னார். மேனேஜரைக்கூட விடவில்லை. அவர் போனைக் காதில் வைத்தபடி உட்கார வேண்டியதாயிற்று. வியர்த்து வழிய நான் பீரோவைத் தள்ளினேன். வராந்தா ஜனத்திடம் சொல்ல மட்டும் எல்லோருக்கும் மறந்துபோனது. அவர்கள் இந்தத் தடவையும் மெய்யாகவே ஓடினார்கள்.

தூசிக்கு நடுவே அண்ணாச்சி கண்ணை மூடி நின்றார். கடைசி கிளாஸ் உருண்டு ஓயும்வரை அசையவில்லை.

"கமோஷன்" என்றார். "முதல்ல ஒரு க்ராஷ். பொறவு கமோஷன். அதுக்கு மேல ஒரு இம்மியும் இல்ல."

"அண்ணாச்சி, பொறுப்பான ஊழியர் பேரு?"

"சத்தம் என் பாடு. போயி உம்ம சோலியப் பாரும்வே."

மேனேஜர் அவருடைய இங்கிலீஷை ஒருநாளும் படித்ததில்லை. படித்தால் விளக்கம் கேட்க வேண்டிவரும் என்று பயம். கையெழுத்துப் போட்டுவிட்டார். கவர் சென்னைக்குப் போனது.

அதன்பின் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே நான் வாசலுக்கு ஓடுவேன். இரண்டு மாதம் அப்படியே போயிற்று. என் பெயருக்கு வந்தது ஒரே உத்தரவுதான். வேலை நிரந்தரம். கமோஷன் என்ற சின்ன வார்த்தைதான் என்னைக் காப்பாற்றியது என்று நம்பி, கல்யாணப் பத்திரிகையை முதலில் அவர் மேஜையில்தான் வைத்தேன். பந்தியில் உட்கார்ந்துகொண்டு "நல்ல ஹப்பப்" என்று பாராட்டினார். மறு வருஷம் ஓய்வு பெற்றுப் போனார்.

பல வருஷம் கழித்து, அழிக்க வேண்டிய பழைய ஃபைல்களைப் பிரிக்கும் வேலை என்னிடம் வந்தது. அந்தக் கடிதத்தின் நகல் அதில் இருந்தது. க்ராஷ், கமோஷன் எல்லாம் அவர் சொன்னபடியே. அதற்குக் கீழே, பொறுப்பான ஊழியர் என்ற இடத்தில் அண்ணாச்சியின் பெயர். சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த அந்தப் பெயர்.

அடுத்த தாளில் சென்னையிலிருந்து பதில். பாண்டமோனியம் விளைவித்த டைப்பிஸ்ட் கடுமையாக எச்சரிக்கப்படுகிறார். எங்களில் ஒருவரிடமும் அவர் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. அந்தப் பதிலில் 'பாண்டமோனியம்' மட்டும் பென்சிலால் கோடிட்டு அடிக்கப்பட்டு, மேலே அவர் கையெழுத்தில் 'கமோஷன்' என்று திருத்தப்பட்டிருந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு.

ஆழ்வார்குறிச்சியில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில் பாளையங்கோட்டையில் பீரோவைத் தள்ளியதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். கேட்காத சத்தத்தை டைப் அடிக்க மாட்டேன் என்று ஊரையே காக்கவைத்த மனிதர், அன்று தாம் கேட்கவே கேட்காத சத்தத்தைத் தாமே எழுப்பியதாக எனக்காக ஒரே ஒரு தடவை அடித்திருக்கிறார். அந்த ஃபைலை நான் அழிக்கவில்லை.