விசாரிக்கக் கூடாதவர்கள் பட்டியல்

அனுப்புநர்:
க. சுருளியாண்டி, ஊராட்சிச் செயலர் (பணி நிறைவு), கம்பம் அருகில், தேனி மாவட்டம்.

பெறுநர்:
புகார்ப் பிரிவு அலுவலர் அவர்கள், எங்கள் வெப்சைட்டுக்கு இடம் கொடுத்துவிட்டுப் பிறகு பிடுங்கிக்கொண்ட நிறுவனம்.

பொருள்: என் மகன் இனியனின் திருமண வெப்சைட் நீக்கப்பட்டது – திரும்பத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் மின்னஞ்சல், போன வாரம் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணி.

மதிப்பிற்குரிய அய்யா அல்லது அம்மா,

வணக்கம். இந்தக் கடிதம் தங்களை நல்ல உடல்நலத்தோடும், நல்ல மனநிலையோடும், முடிந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் வந்து சேர வேண்டுமென விரும்புகிறேன். இங்கு நான், என் மனைவி உமாதேவி, மகன் இனியன் மூவரும் நலம். நலம் என்றால், எனக்குச் சர்க்கரை, மனைவிக்குத் தைராய்டு, மகனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. மற்றபடி குறையொன்றும் இல்லை.

தனிநபர்களின் சொந்தத் தகவல்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் வெளியிட்டதாகப் புகார் வந்திருப்பதால் சைட்டை நிறுத்திவிட்டோம், பதினைந்து நாளுக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் நிரந்தரமாக அழித்துவிடுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் கிறிஸ்டோபர்தான் வாசித்துத் தமிழில் சொன்னார். சைட்டைச் செய்துகொடுத்தவரும் அவரே. நான் கையால் எழுதுவதை அவர் ஆங்கிலமாக்கி உங்களுக்கு அனுப்புவார். இன்று பதினோராவது நாள். என் மகன் வாழ்க்கைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு வயது முப்பத்து மூன்று. கணக்கில் பி.எஸ்.ஸி. இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை போட்டிருக்கிறான். பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. ஆறு வருடமாகப் பெண் பார்க்கிறோம். ஜாதகம் பொருந்தும், போட்டோ பிடிக்கும், வந்து உட்கார்ந்து வடை சாப்பிடுவார்கள், "மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாக?" என்பார்கள், "தோட்டம்" என்று சொன்னதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். போடியிலிருந்து வந்த ஓர் அம்மா, "பையன் நல்லாத்தான் இருக்காக. ஆனா மழை பேஞ்சாலும் கவலைப்படுறாக, பேயாட்டியும் கவலைப்படுறாக. எம் பொண்ணு எப்பத்தான் சிரிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, எங்கள் வீட்டு வாசலிலேயே வேறு தரகருக்குப் போன் போட்டார்கள். அன்றைக்கு என் மகன் சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போய்விட்டான். நான் அழுதேன் சார். ஊராட்சியில் எத்தனையோ தலைவர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், ஒருநாளும் அழுததில்லை.

இதில் விசாரிப்பு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் எப்படியோ, எங்கள் பக்கம் பெண் கொடுப்பவர்கள் நம்மிடம் நேராக எதுவும் கேட்க மாட்டார்கள். ஓர் ஆளை அனுப்புவார்கள். அவர் வழிதவறி வந்தவர் மாதிரி டீக்கடையில் உட்கார்ந்து, "இங்கன சுருளியாண்டின்னு ஒருத்தர்..." என்று ஆரம்பிப்பார். கடையில் அந்த நேரத்தில் யார் இருக்கிறாரோ, அவர் சொல்வதுதான் தீர்ப்பு. ஒருமுறை எங்கள் ஊருக்கு வாழைத்தார் ஏற்ற வந்த வெளியூர் டிரைவர் தீர்ப்புச் சொல்லி ஒரு நல்ல இடம் கைவிட்டுப் போனது. இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்றுதான் விசாரிப்பை மொத்தமாக வெப்சைட்டில் ஏற்றினேன். முப்பத்திரண்டு வருடம் ஊராட்சி ஆபீசில் இருந்தவன் நான். தொகுப்பு வீடு யாருக்கு, முதியோர் பென்ஷன் யாருக்கு என்று பெயர், தகப்பன் பெயர், கதவு எண்ணோடு எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும், ஒட்டாவிட்டால்தான் குற்றம். ஒட்டியதற்காக என்னை நிறுத்திவைத்தவர்கள் நீங்கள்தான் முதல்.

சைட்டில் நான்கே பக்கம். முதல் பக்கம் குடும்ப விவரம். அதில் மகனின் உயரம், எடை, ரத்தப் பிரிவு, பதினான்கு வயதில் செய்த குடல்வால் ஆபரேஷன், ஆங்கிலத்தில் இரண்டு அரியர் வைத்து மூன்றாம் முறை பாஸ் செய்தது, நாய் என்றால் பயம் என்பது வரை போட்டிருந்தேன். என்னுடைய சர்க்கரை அளவை மாதாமாதம் கிராப் போட்டிருந்தேன். கிணற்று ஆழம், பட்டா எண், மனைவியின் தைராய்டு மாத்திரை எல்லாம் உண்டு. "ஏங்க, என் தைராய்டு எதுக்குங்க இன்டர்நெட்ல?" என்று உமாதேவி கேட்டாள். நாளைக்கு மருமகள் வந்து, சொல்லவில்லையே என்று கேட்டால் யார் பதில் சொல்வது? கிறிஸ்டோபரும், "அய்யா, நம்பரெல்லாம் வேணாம்யா, வம்பா வந்துரும்" என்றார். ஒளிக்கிறவன்தான் பயப்பட வேண்டும் என்று அவருக்கு அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். கரண்ட் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பக்கம், விசாரிக்க வேண்டியவர்கள். மூன்றாம் பக்கம், விசாரிக்கக் கூடாதவர்கள். ஒவ்வொருவருக்கும் பெயர், போன் நம்பர், ஏன் விசாரிக்கக் கூடாது என்ற காரணம். நான்காம் பக்கம், முன்பு பார்த்து அமையாமல் போன இடங்கள். ஏன் இத்தனை வருடமாக அமையவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்களே, அதற்காகப் பதினேழு இடங்களின் விலாசமும் போனும் காரணமும் எழுதினேன். இதில் எதுவும் ஊருக்குத் தெரியாத ரகசியம் இல்லை. ஊர் பேசுவதை நான் எழுதினேன், அவ்வளவுதான்.

சைட் வந்த ஆறு மாதத்தில் போன் வந்தது உண்மை. கிணற்று ஆழத்தைப் பார்த்துவிட்டு போர்வெல் கம்பெனிகள் கூப்பிட்டன. என் சர்க்கரையைப் பார்த்துவிட்டு மூலிகைப் பொடிக்காரர்கள் நால்வர் கூப்பிட்டார்கள். மனைவிக்கு மூட்டுவலித் தைலம் வேண்டுமா என்று சேலத்திலிருந்து ஒருவர் தினமும் கூப்பிட்டு, இப்போது அவளை அக்கா என்கிறார். பெண் வீட்டார் பதினோரு பேர் பேசினார்கள். பன்னிரண்டாவது வருவதற்குள் சைட்டை நிறுத்திவிட்டீர்கள்.

புகார் கொடுத்தது யார் என்று கேட்டால், அது அவருடைய சொந்தத் தகவல், சொல்ல முடியாது என்கிறீர்கள். சரி, நானே கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினேன். முதலில் ஆண்டிபட்டிக்குப் பஸ் ஏறி என் மைத்துனன் பாண்டீஸ்வரன் வீட்டுக்குப் போனேன். அவன் விசாரிக்க வேண்டியவர்கள் பட்டியலில் முதல் ஆள். நம்பருக்குப் பக்கத்தில், "மாலை ஏழு மணிக்குமேல் இவரிடம் பேச வேண்டாம்" என்று பொதுநலன் கருதி ஒரு வரி சேர்த்திருந்தேன். என்னைக் கண்டதும் எழுந்தவன் உட்காரவே இல்லை. "அந்த வரிய எதுக்கு மாமா போட்டீக? எம் மகளக் கட்டிக்குடுத்த சம்பந்தி அத வாசிச்சுட்டு, நெதம் ஏழே காலுக்குப் போன் போட்டுப் பாக்குறாக. நானும் அந்நேரம் பச்சத் தண்ணியக் குடிச்சுட்டுத் தெளிவாப் பேச வேண்டியிருக்கு. மூணு மாசமாச்சு, நான் வாயில வைக்கல!" என்றான். பின்னாலிருந்து அவன் மனைவி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். புகார் கொடுத்தவன் அவன் இல்லை. அவன் மனைவி கொடுக்கவே மாட்டாள்.

அடுத்து எதிர் வீட்டுச் சந்தனம்மாள். விசாரிக்கக் கூடாதவர்களில் முதலிடம். "குடிநீர்க் குழாய்த் தகராறு முதல் எங்களைக் கண்டால் ஆகாது, கணவருடன் கோபித்து மூன்று முறை தாய்வீடு போனவர், பேச்சை நம்ப வேண்டாம்" என்று காரணம் போட்டிருந்தேன். நாங்கள் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். வாசலில் நின்று, புகார் கொடுத்தாயா என்றேன். வாளியைக் கீழே வைத்தாள். "நான் எதுக்குண்ணே புகார் குடுக்கப்போறேன்? பதினோரு வீட்டுக்காரவுகளும் எனக்குத்தான் போன் போட்டாக. விசாரிக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தா அவுகளத்தான மொதல்ல விசாரிப்பாக? பையன் எப்பிடின்னு கேட்டாக. தங்கமான பிள்ளை, எங்க வீட்டு ஆள் கீழ விழுந்தப்ப அந்தத் தம்பிதான் தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போச்சுன்னேன். அப்புறம் அப்பன் எப்பிடின்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"நான் ஒண்ணுமே சொல்லல. நீங்க சைட்டுல எழுதி வச்சிருக்கத அப்பிடியே வாசிச்சுப் பாருங்கன்னேன். அதுக்கப்புறம் யாரும் கூப்பிடல."

கிளம்பப்போன என்னை உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். ஒன்பது வருடப் பகை தீர்ந்தது, ஆனால் புகார்தாரர் கிடைக்கவில்லை.

ஆகவே தங்கள் சமூகத்துக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில், மேற்படி சந்தனம்மாளை விசாரிக்க வேண்டியவர்கள் பக்கத்துக்கு மாற்றுகிறேன். பாண்டீஸ்வரனின் ஏழு மணி வரியை அவன் மனைவி சம்மதத்தோடு அப்படியே விடுகிறேன். மூலிகைப் பொடி வேண்டாம் என்று கொட்டை எழுத்தில் போடுகிறேன். நான்காம் பக்கத்தைப் பற்றி அந்தப் பதினேழு வீட்டாரில் யாரும் என்னிடம் நேரில் குறை சொன்னதில்லை, எனவே அது இருக்கட்டும். பெற்றவன் படும் பாட்டை எண்ணி, அருள்கூர்ந்து சைட்டைத் திரும்பத் திறந்துவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். திறக்காவிட்டால் மேல்முறையீடு செய்வேன். யாரிடம் என்று கிறிஸ்டோபர் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

வீரபாண்டி கௌமாரியம்மன் தங்களையும் தங்கள் வீட்டாரையும், அந்தச் சர்வரையும் காக்கட்டும். தங்கள் வீட்டில் கல்யாண வயதில் யாரேனும் இருந்தால் அவர்களுக்குத் தை மாதத்துக்குள் நல்ல இடம் அமையட்டும்.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,
க. சுருளியாண்டி (பி பாசிட்டிவ்)

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம்.

கடிதத்தைக் கிறிஸ்டோபரிடம் கொடுக்கும்முன் மகன் ஒருமுறை பார்க்கட்டும் என்று தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். பந்தலுக்குக் கீழே கொடிகளுக்குக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தான். கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் நின்றபடியே வாசித்தான். "நல்லா எழுதியிருக்கீகப்பா" என்றான். பிறகு, "புகார் குடுத்தது நான்தான்" என்றான்.

"நீ எதுக்குடா குடுத்த?" என்றேன். "அந்தச் சைட்டுல அதிகமா மானம் போனது எனக்குத்தானப்பா. நாய்க்குப் பயப்படுறத எல்லாம் போட்டிருந்தீகளே" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு மீதியைச் சொன்னான்.

நான்காம் பக்கத்தில் யுவராணி என்றொரு பெண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். கெங்குவார்பட்டி. பெரியகுளத்தில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. போன வருடம் பார்த்தோம். தோட்டத்தை விற்றுவிட்டுப் பெரியகுளத்தில் கடை வைக்க முடியுமா என்று அவள் அப்பா கேட்டதில் பேச்சு நின்றது. "பெண்ணுக்கு வாய் அதிகம், சந்தேகமிருந்தால் பேசிப் பார்க்கவும்" என்று எழுதி அவள் நம்பரைப் போட்டிருந்தேன். சைட்டைப் பார்த்தவர்கள் நாற்பது பேருக்குமேல் பேசிப் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் மரியாதையாகப் பேசவில்லை. அந்தப் பெண் நம்பரையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. இதை என் மகன் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை சார். ஊர் பேசுவதைத்தான் எழுதினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். ஊர் பேசினால் அடுத்த வாரம் வேறொன்றைப் பேசும். நான் எழுதியது அங்கேயே நின்று அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அவளுக்கு நான் செய்தது பெரிய தப்பு.

அவள் என்னைத் திட்டுவதற்காகச் சைட்டிலிருந்த நம்பருக்குப் போன் போட்டிருக்கிறாள். எடுத்தவன் இனியன். முழுக்கத் திட்டி முடிக்கும்வரை கேட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறான். என்னிடம் சொன்னால் நான் நோட்டீஸ் போர்டுக் கதை சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால் இருவரும் சேர்ந்தே உங்கள் புகார்ப் படிவத்தை நிரப்பியிருக்கிறார்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததாம். ஒன்பது நாள் பேசிப் பேசி நிரப்பினார்களாம். ஒரு பக்கப் படிவத்துக்கு ஒன்பது நாளா என்று கேட்டேன். கத்தரியை எடுத்துக்கொண்டு அடுத்த பந்தலுக்குப் போய்விட்டான்.

பின்னாலேயே போய்க் கேட்டேன். தோட்டத்தை விற்கச் சொன்னது அவள் அப்பா மட்டும்தானாம், அவளுக்கு அதில் சம்மதமே இல்லையாம். லேபில் ஒருவர் ரிசல்ட்டை இன்னொருவரிடம் சொன்னால் வேலை போய்விடும், உங்கப்பா அவுக ரிசல்ட்டையே கிராப் போட்டிருக்காகளே என்று கேட்டாளாம். அந்தக் கிராப் மேலே போகிறது, முதலில் அவரை டாக்டரிடம் காட்டுங்கள் என்றும் சொன்னாளாம். வாய் அதிகம்தான். எங்கள் வீட்டுக்கு அது வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவளும் அவள் அப்பாவும் தோட்டம் பார்க்க வருகிறார்கள். அவளிடம் முதலில் நான் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அதன்பிறகுதான் உமாதேவி காப்பி கொடுப்பாள் என்று பேசி வைத்திருக்கிறோம். சைட் இப்போது யார் கண்ணுக்கும் தெரியாது என்றாலும் உங்கள் சர்வரில் எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது என்று கிறிஸ்டோபர் சொல்கிறார். பதினைந்தாவது நாளான செவ்வாய்க்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். ஞாயிறு காலை ஒன்பதரைக்குள் வேரோடு அழித்துவிடுங்கள். அவள் அப்பாவைப் பற்றி நான் எழுதியிருந்த வரியை முதலில் அழியுங்கள்.

கூடிவந்தால் முதல் பத்திரிகை உங்களுக்குத்தான். உங்கள் பெயரையும் விலாசத்தையும் மட்டும் எழுதி அனுப்புங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன்.

க. சு.