தொண்டைக்காரருக்கு ஏற்ற ஆள்

"குழந்தை ராத்திரியில அழுமா?" என்று கேட்டார் ஆடிட்டர்.

வீடு பார்க்க வந்த தம்பதி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரொம்பச் சமத்து சார். இருக்கிற இடமே தெரியாது."

"அப்ப வீடு உங்களுக்கு இல்லை."

சொன்ன விலைக்கு மறுபேச்சில்லாமல் வாங்க வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். ஆடிட்டரின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, தரகர் வேண்டாம், நானே விக்கிறேன்னு நின்னது இதுக்குத்தானா? போன வாரம் தியானம் சொல்லித் தர்றவரையும் விரட்டிட்டீங்க. மாசக் கடைசிக்குள்ள மீதிப் பணம் கட்டலேன்னா புது ஃப்ளாட்டும் போயிடும்!"

"தியானமா? அந்த மனுஷனுக்குப் பக்கத்துலயா?" ஆடிட்டர் மதிலைக் காட்டினார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தொண்டைக்காரர். விடிந்தும் விடியாததுமாக மொட்டைமாடியில் நின்று தொண்டையைச் செருமுவார். பழைய லாரி மேடேறுவதுபோல் அடிவயிற்றில் கிளம்பும் செருமல், உச்சியில் ஒரு காறலோடுதான் நிற்கும். ஆடிட்டர் கேட்டுப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கத்தியும் பார்த்தார். "என்ன சார் பண்றது, உடம்பு அப்படி" என்பார் அவர்.

வருடக்கணக்கில் தூக்கம் கெட்ட ஆடிட்டர் ஒரே தீர்மானத்தில் இருந்தார். தொண்டைக்காரரை அழவைக்கிற ஆளுக்குத்தான் சாவி.

அடுத்து வந்தவர் குடுமி போட்ட இளைஞர். "டிரம்ஸ் வாசிக்கிறேன் சார்."

ஆடிட்டர் முதன்முறையாக ஒருவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். "பலமா வாசிப்பீங்களா?"

"ஜன்னல் கண்ணாடி அதிரும்."

"தம்பிக்குக் காபி கொண்டு வாம்மா!"

"விலைதான் கொஞ்சம் எட்டலை..."

ஆடிட்டர் குறைத்தார். உள்ளே ஒரு டம்ளர் விழுந்தது.

"பக்கத்து வீட்ல ஒரு பெரியவர் இருக்கார் போல. அவருக்குத் தொந்தரவா இருக்குமே?"

"அவரா! சங்கீதம்னா உயிரை விடுவார். விடிகாலையிலேயே வாசிங்க." தயக்கம் தீரவில்லை என்று பட்டதும் இன்னும் குறைத்தார். மனைவி ஓடிவந்து அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்புக்கு ஆடிட்டரின் உடம்பு நகர்ந்தது, வாய் நிற்கவில்லை.

"நீங்க எங்க சார் போறீங்க?"

"பூங்காவுக்கு எதிர்ல, புதுக் கட்டடம். அப்படியொரு அமைதி! எங்களுக்கு நேர் மேல் வீடுகூடக் காலி. வாடகைக்கு ஆள் தேடிக்கிட்டே இருக்காங்க, ஒரு ஈ காக்கா வரலை."

"அப்படியா சார்?" என்றார் டிரம்ஸ்காரர், காபியை உறிஞ்சியபடி.

பத்திரம் பதிவானது. வீடு மாறும் நாளன்று மதிலுக்கு அப்பால் வழக்கமான செருமல் கேட்டது. ஆடிட்டர் எரிச்சலே படாமல் ரசித்தார். "செருமு ராசா, செருமு. இன்னிக்கோட சரி."

டிரம்ஸ்காரரின் சாமானோடு வந்த லாரியே ஆடிட்டரின் சாமானை ஏற்றிப்போவதாக ஏற்பாடு. கட்டில் இறங்கியது, பீரோ இறங்கியது. டிரம்ஸ் மட்டும் லாரியிலேயே இருந்தது.

"முக்கியமானதை விட்டுட்டியேப்பா! அதை இறக்கி மதிலோரமா வை."

லாரி டிரைவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொன்னார்: "இது உங்க கூட வருது சார். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு உடம்பு முடியலையாம், அவரைப் பார்த்துப் பாவப்பட்டு அண்ணன் இங்க வாசிக்கப் போறதில்ல. நீங்க விலையில விட்டுக்கொடுத்த காசுல, வாசிக்கிறதுக்குன்னே உங்க மேல் வீட்டை வாடகைக்கு எடுத்துட்டாரு!"