சைடு போரில் ஓடும் ரயில்

குச்சனூர்,
12.10.2003

அன்புள்ள மாப்பிள்ளை சூரியபிரகாசுக்கு,

உன் தாய்மாமன் சுருளியாண்டி எழுதுவது. இங்கன எல்லோரும் சுகம். டெல்லியில் தரைக்கு மேலே இருக்கிற சனங்களும், கீழே இருக்கிற நீயும் சுகமாக இருக்க நம்ம சனீஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன்.

நானும் உன் ஆத்தாளும் ஜெயமங்கலத்துக்கு உனக்குப் பெண் கேட்டுப் போனோம். பெண் பேர் விஜி. பெரியகுளத்தில் படித்தது, நன்றாகச் சிரிக்கிறது, உன்னைவிட உயரம், அதனால் கல்யாண போட்டோவில் நீ நில், அது உட்காரட்டும். காபி குடித்த கையோடு பெண்ணின் அப்பா கோட்டைச்சாமி, "மாப்ள என்ன வேல பாக்குறாக?" என்று கேட்டார். பூமிக்கடியில் ரயில் விடுகிறார்கள், ஸ்டேஷனும் அடியிலேயேதான், அதற்கு இவன் குடைகிறான் என்றேன். அவருக்குப் பிடிபடவில்லை. என் வாய் சும்மா இருக்குமா? "அண்ணே, ஊத்துக் கெடைக்கலேன்னா கிணத்துக்குள்ள பக்கவாட்டுல சைடு போர் போடுறோம்ல? அதேதான். ரயிலு போற அளவுக்குப் பெருசு" என்றேன். உடனே விளங்கிவிட்டது. ரொம்பவே விளங்கிவிட்டது.

"எத்தன வருசமாத் துளைக்கிறாக?"

"மூணு வருசமாண்ணே."

"தண்ணி வந்துச்சா?"

"ஒரு சொட்டு உள்ள வர விடலையே!" என்றேன் பெருமையாக.

மனுசன் வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஏ மலையம்மா, மூணு வருசம் துளைச்சும் சொட்டுத் தண்ணி காணாத ஆளாம். கைராசி இல்லாதவனுக்கு எப்பிடிப் புள்ளையக் குடுக்க?" என்று தன் சம்சாரத்தைக் கேட்டார். உன் ஆத்தாள் என்னைப் பார்த்த பார்வையில் காபி மறுபடி கொதித்தது. நான் பதறிப்போய், "வருதுண்ணே, ராப்பகலா மோட்டார் வச்சு இறைக்கிறாக" என்றேன். அவர் முகம் மலர்ந்து, "எந்த வயலுக்குப் பாயுது?" என்றார். "சாக்கடைக்கு" என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். எழுந்து துண்டை உதறிவிட்டார். உள்ளேயிருந்து விஜி, "யப்பா, அது தண்ணிக்கில்ல, ஆளுக போறதுக்கு. மேல எடமில்லாமத்தான் கீழ போறாக" என்றது. "எடமில்லேன்னா இங்கன வந்து கட்டச் சொல்லு. நம்ம போடிக்குப் போற ரயிலு காத்தாட மேலதான போகுது?" என்றார் அவர். கடைசியில், "துளைக்கிற ஆளே நேர்ல வந்து வெளக்கட்டும், பெறகு பாப்போம்" என்று முடித்தார். நாங்கள் கிளம்பும்போது விஜி வாசல்வரை வந்து, "ரயிலு ஓட ஆரம்பிச்சதும் என்னைய அதுல கூட்டிட்டுப் போவாகளா சித்தப்பா?" என்று கேட்டது. அதுக்கு மேல் உனக்கு என்னடா வேணும்? உடனே லீவு போட்டு வா. தலையில் உள்ள மண்ணை அங்கேயே உதறிவிட்டு வா.

அத்தை உன்னை விசாரித்தாள். உன் தலைக்கு மேல் நடந்து போகிற டெல்லிக்காரர்களுக்கெல்லாம் என் வணக்கம். நூறு வருசம் நல்லா இரு, அதில் பாதியாவது தரைக்கு மேலே இரு.

இப்படிக்கு,
உன் மாமன்
சுருளியாண்டி

பி.கு.: நீ வர வேண்டாம். "பாத்துட்டு வேணாம்னு சொல்லுங்க, பாக்காமச் சொல்லாதீக" என்று விஜி ஒற்றைக்காலில் நின்றதில், கோட்டைச்சாமி குடும்பத்தோடு டெல்லிக்கே கிளம்பிவிட்டார். வழி காட்ட நானும் கூட வருகிறேன், எனக்கு வழி தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே இதைத் தபாலில் போடாமல் கையிலேயே கொண்டு வருகிறேன். என் பக்கத்தில் மீசையோடு உன்னை மேலும் கீழும் பார்க்கிறாரே, அவர்தான். படித்தது போதும், கும்பிடு.