தராசு பாயின் விண்வெளி அபிப்பிராயம்

எடைபோட முடியாத பொருள் என்று உலகத்தில் ஒன்று இருப்பதாகத் தராசு பாய் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. பலாப்பழம், பூட்டிய சூட்கேஸ், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை, எது கண்ணில் பட்டாலும் சரி, சட்டைப் பையிலிருந்து ஒரு கொக்கியை எடுத்து மாட்டிவிடுவார். விமானத்துக்குக் கிளம்புகிறவர்கள் பெட்டியைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்தக் கையகலத் தராசுதான். அவருக்கு அருமையான பெயர் ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டில் அது புதிதாகவே இருக்கிறது. தெருவில் யாரும் அதை எடுத்துப் பயன்படுத்தியதில்லை.

சவுதியில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் தென்காசிக்கு வருவார். அவர் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். முன்பொரு முறை திருவனந்தபுரம் விமான நிலையத்தில் எடை கூடிப்போய், வரிசையில் நின்ற அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கப் பெட்டியைத் திறந்து, மனைவி பக்குவமாக இடித்துக் கொடுத்த கருவாட்டுப் பொடியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாராம். அந்த அவமானத்துக்குப் பிறகு வாங்கியது இந்தத் தராசு.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் மூட்டைக்கு இவர் கொக்கி போட்டபோது வியாபாரி கையெடுத்துக் கும்பிட்டார். "பாய், நீங்க வாங்க வேண்டாம். போயிட்டாப் போதும்." பக்கத்து வீட்டுக் குழந்தையைத் துண்டில் கட்டித் தூக்கியபோது குழந்தை சிரித்தது, பெற்றவள் அழுதாள். குற்றாலத்துக்குப் போனால் குளிப்பதற்கு முன் துண்டை ஒருமுறை எடைபோடுவார். குளித்துவிட்டு வந்து பிழியாமல் இன்னொரு முறை. "அருவிய எவ்வளவு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறோம்னு தெரியணும்லா அண்ணாச்சி."

எனக்கு இதையெல்லாம் ரசிக்கத் தெம்பில்லாத மாதம் அது. தென்காசியில் வாடகைக்கு இருப்பவனுக்கு ஜூன், ஜூலையில் வீடு சொந்தமில்லை. சாரல் விழுந்த செய்தி டிவியில் வந்த மறுநாளே சொந்தக்காரர்கள் அருவியில் குளிக்க எண்ணெய்க் கிண்ணத்தோடு இறங்கிவிடுவார்கள். அலுவலகத்திலிருந்து வந்தால் என் நாற்காலியில் ஒரு பெரியப்பா, என் கட்டிலில் ஈரத்துணி. படுக்க இடமில்லாமல், உட்கார இடமில்லாமல், பத்திரிகைக்கான வாரக் கட்டுரையை மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுவேன். சித்தப்பா குடும்பம் வந்து இறங்கிய அன்று தராசு பாய் தானாகவே வந்து அவர்கள் பையைக் கொக்கியில் மாட்டினார். அளவைப் பார்த்து முகம் வாடிவிட்டது.

"அண்ணாச்சி, ரெண்டு நாள்னா சொன்னாவோ?"

"ஆமா."

"பதினெட்டுக் கிலோ இருக்கு. நீங்க அரிசி வாங்கிப் போட்டுருங்க."

அரிசி வாங்கிப் போட்டேன். அது தீர்ந்த பிறகும் அவர்கள் இருந்தார்கள்.

அப்படிப்பட்ட ஒரு நாள் மாடிப்படியில் நான் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது பாய் வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தார். கையில் தராசு இல்லை. அதுவே எனக்குக் கவலையாக இருந்தது.

"ஒரு உதவி அண்ணாச்சி. மக ஒரு படம் பாக்கச் சொல்லியிருக்கா."

"பாருங்க."

"பாத்துட்டு எப்படியிருக்குன்னு சொல்லணுமாம்."

"சொல்லுங்க."

"அங்கனதான் இடிக்குது. நான் என்னத்தச் சொல்ல? நீங்கதான் வாராவாரம் எதப் பத்தியாவது அபிப்பிராயம் சொல்லுதீயள்லா. கைவசம் மிச்சம் இருக்கும். ஒண்ணு குடுங்க."

விஷயம் இதுதான். பாயின் ஒரே மகள் ஹசீனா காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவள் பிறந்ததிலிருந்து வாப்பா என்பது பெரும்பாலும் போனில் வரும் ஒரு குரல்தான். பரீட்சை எப்படி, நல்லாருக்கு. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். உம்மாகிட்ட குடு. லீவில் நேரில் வந்தாலும் இருவருக்கும் அதற்கு மேல் பேசத் தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, சாப்பிட்டியா என்றே கேட்டுக்கொள்வார்கள். அப்படிப்பட்ட பெண் முதல்முறையாகத் தானாக வந்து, "வாப்பா, இதுல முத எபிசோட் மட்டும் பாருங்க. எப்படியிருக்குன்னு எனக்குச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். விமானத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. பதிலைச் சரியாகச் சொல்லிவிட்டால் பேச்சு தொடரும், தப்பாகச் சொன்னால் மறுபடி சாப்பாட்டுத் தட்டுதான் என்று மனுஷர் நடுங்கிப்போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் விருந்தாளிகள் ஐந்தருவிக்குப் போன நேரம், கீழ்வீட்டு ஹாலில் நானும் அவரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ஹசீனா போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஜப்பான்காரர்கள் வரைந்த தொடர். கார்ட்டூன் என்று வாய்தவறிச் சொன்னதற்கு, "அனிமே, மாமா" என்று அவள் திருத்தியிருந்தாள். விண்வெளிக் கதை என்றதும் நான் பறக்கும் தட்டு, மூன்று கண் ராட்சசன், பச்சை ரத்தம் என்று தயாராக இருந்தேன்.

அப்படி ஒன்றும் வரவில்லை. நாற்பதைத் தாண்டிய ஒரு ரிப்பேர்க்காரன். இடுப்பு வலிக்கு ஒரு பட்டை கட்டியிருக்கிறான். நிலாவைச் சுற்றுகிற ஒரு நிலையத்தில் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் பழுதாகிவிட்டது, அதைப் பார்க்க இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போகிறான். கிளம்புவதற்கு முன் மீட்டிங். அந்த மீட்டிங்கில் எடுத்த முடிவைப் பற்றிப் பேச இன்னொரு மீட்டிங். ஒருவர் கையெழுத்துப் போட்டாயிற்று, இன்னொருவர் வரவில்லை என்று எல்லோரும் காத்திருக்கிறார்கள். நான் எந்த அலுவலகத்திலிருந்து தப்பித்து ஞாயிற்றுக்கிழமையை அடைந்தேனோ, அதே அலுவலகத்தை ராக்கெட் பக்கத்தில் கட்டி வைத்திருந்தார்கள். அத்தனையும் அவ்வளவு நிஜம். எனக்குக் கொட்டாவியாக வந்தது. போதாக்குறைக்கு, திரையில் கீழே ஓடும் இங்கிலீஷைப் பாய்க்காக நான் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டியிருந்தது.

பிறகு அவன் பெட்டி கட்டினான். சொந்தச் சாமானுக்கு ஆளுக்கு ஒன்றரைக் கிலோதானாம். ஒரு ஜோடி காலுறையைத் தராசில் வைக்கிறான், எடுக்கிறான், யோசிக்கிறான், மறுபடி வைக்கிறான். இதையே ஐந்து நிமிஷம் காட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் பாய் சோபாவின் நுனிக்கு வந்திருந்தார்.

"ஏலே, அந்த டப்பாவ வெளிய போடுலே! டப்பாதான் எடை! உள்ள இருக்கத ஒரு கவர்ல போடு!"

திரையில் அவன் டப்பாவை வெளியே வைத்தான். பாய் என்னைப் பார்த்த பார்வையில், தன் பேச்சைக் கேட்டுத்தான் அவன் வைத்தான் என்ற நம்பிக்கை முழுசாக இருந்தது.

ஒருவழியாக ராக்கெட்டில் ஏறிப் பெல்ட் போட்டுப் படுத்தார்கள். காற்று பலமாக இருக்கிறது, இன்றைக்கு இல்லை என்று இறக்கிவிட்டார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பாய் தொடையில் தட்டி, "அப்பாடா!" என்றார். மறுபடி ஏறினார்கள். ஏதோ ஒரு வால்வு கசிகிறது, நிறுத்து என்றார்கள். கிளம்பித் தொலைங்களேன் என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. பாய் சிரித்துக்கொண்டு டீயைக் குடித்தார். வால்வு சரியாகி, ராக்கெட் கிளம்பி, சத்தமெல்லாம் அடங்கி, அவன் பையிலிருந்து ஒரு பேனா தானாக மிதந்து வருவதோடு முதல் எபிசோட் முடிந்தது. பாய் மிச்ச டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் அவருக்குப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி, அபிப்பிராயம்?" என்றார் கொஞ்சம் கழித்து.

களைப்பில் வாயில் வந்ததைச் சொன்னேன். "தொழில்நுட்ப நேர்த்தி பாராட்டத்தக்கது. திரைக்கதையின் வேகத்தில் கவனம் செலுத்தியிருக்கலாம்." பாய் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"என்ன பாய்?"

"கண்டுபிடிச்சிட்டா. இது மாடி மாமா சரக்குன்னுட்டா."

அன்று தொடங்கி அந்த வாரம் முழுவதும் பாய் அபிப்பிராயம் தேடி அலைந்தார். சலூன்காரர், இரண்டு காதல் காட்சியாவது வேண்டும் என்றார். டீக்கடைக்காரர், படம் பார்க்காமலே, இடைவேளைக்கு அப்புறம் நன்றாக இருக்கும் என்றார். எல்லாவற்றையும் கொண்டுபோய் மகளிடம் கொடுத்துப் பார்த்தார். அவள் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு, யாருடையது என்று சரியாகச் சொல்லித் திருப்பி அனுப்பினாள். கடைசியில் இரண்டு பேரும் மறுபடி சாப்பிட்டியா என்றே கேட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

கிளம்புகிற அன்று காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் பெட்டியைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். தெருவில் யார் யாருக்கெல்லாம் சவுதியில் பிள்ளை இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் பொட்டலம் கொடுத்திருந்தார்கள். அல்வா, மிளகாய்த்தூள், முறுக்கு, தைலம். "ஒரு கிலோதான் பாய்" என்று கொடுத்தவை எல்லாம் ஒன்றரைக் கிலோ இருந்தன. ஊருக்கே எடைபோட்டுப் பயங்காட்டும் மனுஷர் அவற்றில் ஒன்றைக்கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. தன்னுடைய சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

நான் கொக்கியை மாட்டி, இரண்டு கையாலும் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கினேன். ஹசீனா குனிந்து எண்ணைப் பார்த்தாள்.

"முந்நூறு கிராம் கூடுது" என்றாள். பிறகு நிமிராமலே, "வாப்பா, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் சொல்லவே இல்ல" என்றாள்.

"சொன்னேன்லா புள்ள. எத்தன சொன்னேன்."

"அதெல்லாம் மத்தவங்க சொன்னது. உங்களுக்கு என்ன தோணிச்சு?"

பாய் கையிலிருந்த சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"தப்பாச் சொன்னா சிரிப்பியா?"

"சிரிக்கமாட்டேன்."

"அவன் போயிருக்கக் கூடாது புள்ள."

ஹசீனா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எனக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. கீழே வைக்கவா என்று கேட்கிற நேரமாக அது இல்லை.

"காத்துன்னு சொல்லி நிப்பாட்டினாம்லா, எனக்கு அப்படி ஒரு சந்தோசம். இன்னைக்கு வீட்டுக்குப் போயிருவான்னு நெனச்சேன். அப்புறம் வால்வுன்னான். வால்வு வேலை எனக்குத் தெரியும், லேசுல முடியாது. ரெண்டு நாளாவது ஆகும், அதுக்குள்ள வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருவான்னு பாத்தேன். பாழாப்போறவன், உடனே சரிபண்ணிட்டான்."

"நான் மூணு தடவ பாத்துட்டேன் வாப்பா" என்றாள் ஹசீனா. "ஒவ்வொரு தடவையும் அந்த வால்வு சரியாகக் கூடாதுன்னே பாத்தேன்."

அந்த வீட்டில் அவ்வளவு நீளமான பேச்சை நான் கேட்டதேயில்லை. ராக்கெட் எப்போது கிளம்பும் என்று நான் கொட்டாவி விட்ட இடத்தில், தகப்பனும் மகளும் தனித்தனியாக உட்கார்ந்து, கிளம்பவே கூடாது என்று வேண்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அபிப்பிராயம் எழுதிப் பிழைக்கிறவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது.

"அப்ப நீங்களும் போவாண்டாம்லா?" என்றாள்.

"உன் படிப்பு முடியட்டும். இந்த ஒரு தடவதான்."

"எப்பவும் இதத்தான சொல்லுதீங்க."

"எப்பவும் நானாச் சொல்லுவேன். இந்தத் தடவ நீ கேட்டுச் சொல்லுதேன்."

அதற்குள் என் விரல் தானாக விட்டுவிட்டது. பெட்டி என் கால் கட்டைவிரலில் இறங்கியது. நான் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"அய்யய்யோ, இவ்வளவு நேரமுமா தூக்கிக்கிட்டு நின்னீய?" என்றார் பாய். "சொல்லப்படாதா அண்ணாச்சி?" ஹசீனா அழுதுகொண்டே சிரித்தாள். முந்நூறு கிராமுக்காகப் பாய் தன் கடைசி நல்ல சட்டையையும் வெளியே வைத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் கார் வந்தது, போய்விட்டார். சாரல் நின்றது. என் சொந்தக்காரர்களும் ஒருவழியாக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து அவர் அங்கே கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறார், ஹசீனா இங்கே ஹாலில் உட்கார்ந்துகொள்கிறாள். வாரத்துக்கு ஒரு எபிசோட், ஒரே நேரத்தில் இரண்டு பேரும். "ஏலே, அந்த பைப்பத் தொடாதலே!" என்று போன் ஸ்பீக்கரில் அவர் போடுகிற சத்தம் மாடிவரைக்கும் வருகிறது. சில நாள் படம் முடிந்தும் பேச்சு முடிவதில்லை.

எனக்குத்தான் பொறுமை இல்லை. அந்த ரிப்பேர்க்காரன் என்ன ஆகிறான் என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. போன வாரம் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, மிச்சத்தையெல்லாம் ஒரே மூச்சில் பார்த்துவிட்டேன். திரும்பி வந்துவிடுகிறான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளாடிக்கொண்டுதான் வருகிறான். ஆனால் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறான். பாய்க்கும் அவர் மகளுக்கும் அந்த எபிசோட் வர இன்னும் எத்தனையோ வெள்ளிக்கிழமை இருக்கிறது. படியில் ஹசீனாவைப் பார்க்கும்போதெல்லாம் வாய் துறுதுறுக்கிறது. இவ்வளவு நல்ல சேதியை வெளியே சொல்லாமல் இத்தனை நாள் நான் வைத்திருந்ததே இல்லை.