நிலைச்சாமியும் கம்பங்கூழும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், கூடலூரில் கையைத் தொங்கப்போட்டு நடந்தவனை ஊரே சந்தேகமாகப் பார்த்தது. குலம் சுத்தமானவன் கை தானாக மேலே போக வேண்டுமாம். போகாவிட்டால் குடும்பத்தில் ஏதோ மறைப்பு இருக்கிறதாம்.

இதைக் கண்டுபிடித்த மகான் பிச்சைமணி. ஊர் வைத்த பெயர் நிலைச்சாமி. ஊருக்கு வெளியே, புளியமரத்தடியில், கதவில்லாத குறுகலான வாசல் நிலை ஒன்றை நட்டு வைத்திருந்தார். சுருளி அருவியில் மிதந்து வந்த தெய்வ நிலையாம். தெய்வத்துக்கு வாசல் கிடைத்த அளவுக்கு வீடு கிடைக்கவில்லை போலும்.

நிலைக்குள் நின்று, இரண்டு புறங்கைகளாலும் பக்கத்துக் கட்டைகளை வெளிப்பக்கமாக அழுத்த வேண்டும். சாமி கன்னித் தெய்வத்தை அழைத்துக் கன்னிப்பாட்டு பாடுவார். பாட்டு முடிந்ததும் வெளியே வந்து கையைத் தளர விட வேண்டும். கன்னி இறங்கினால் கை தானாக எழும். சுருளிப்பட்டியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் வண்டி கட்டி வந்து, ஆண்களும் பெண்களும் காக்கை விரட்டும் பொம்மைகளைப் போல நின்றார்கள். திருட்டு வழக்கா, நிலைக்குக் கொண்டு வா. வரப்புச் சண்டையா, நிலைக்குக் கொண்டு வா. ஒரு போலீஸ்காரர் கூடக் கைதியை விட்டுவிட்டுத் தன் கையைத் தூக்கிப் பார்த்தார். கைதி போயே போய்விட்டான்.

வந்தவர்களிடம் சேவலும் நெல்லும் வாங்கிக்கொண்ட சாமி, எங்கள் வீட்டிலிருந்து ஒரு கறவைப் பசுவைக் கேட்டு ஆள் அனுப்பினார். எங்கள் வீட்டு வாசலுக்கு இரந்து வருபவனை நான் விரட்டியதில்லை. மிரட்டி வருபவனுக்குத் தவிடும் கொடுத்ததில்லை. ஆளைத் திருப்பி அனுப்பினேன். எங்கள் வீட்டில் ஏதோ மறைப்பு இருக்கிறது என்று ஊர் பேச ஆரம்பித்தது.

மறுவாரம் தேவாரத்துச் சுருளியாண்டி வந்தார். அவர் மகன் கர்ணனுக்கு என் கடைசி மகள் ராஜாத்தியைப் பேசி முடித்திருந்தோம்.

"சம்பந்தி, கோவிச்சுக்கிறாதீக. புள்ளைய ஒருக்கா நிலையில நிக்கச் சொன்னா, ஊர் வாயை அடைச்சுப்புடலாம்."

"என் வீட்டு மானத்துக்கு மரக்கட்டை சாட்சி சொல்லணுமோ?" என்று எழுந்தேன்.

ராஜாத்தி உள்ளேயிருந்து வந்தாள். "நிக்கிறேன்யா. கட்டை என்னைக் கடிச்சா போடப் போகுது?"

நின்றாள். சாமி பாட ஆரம்பித்த வேகத்திலேயே நிறுத்தினார். வெளியே வந்தாள். கை தொங்கியது.

"மறைப்பு இருக்கு! கறவைப் பசு ஒண்ணை விட்டாத்தான் நீங்கும்!" என்றார் சாமி. கூட்டம் உச்சுக்கொட்டியது. சுருளியாண்டி என் முகத்தைப் பார்க்காமலே வண்டி ஏறினார். ஐந்து தலைமுறையில் எங்கள் வீட்டுப் பெண்ணை ஒருவரும் அப்படி விட்டுவிட்டுப் போனதில்லை.

அன்று பிற்பகல் எங்கள் ஆட்டுக்கொட்டிலிலிருந்து ராஜாத்தி கூப்பிட்டாள். "அய்யா, இங்கன வாங்க! கன்னி நம்ம ஆட்டைப் பாக்க வந்திருக்கா!"

போனேன். கொட்டில் வாசலில் என் மகள் இரண்டு கைகளும் மேலே மிதக்க நின்றாள். ஆடுகள் தழையை மறந்து பார்த்தன.

"எனக்கு ரெண்டே அடிதான் பாடுனாரு. சேவலும் நெல்லும் குடுத்தவுகளுக்குப் பாட்டு முடியவே இல்லை. இங்கன முழுப்பாட்டையும் நானே பாடி அமுக்குனேன். பாருங்க!"

சென்னையில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த என் மகன் வீரணன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் தங்கையின் தோளைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தான்.

"தோள்ல இருக்க தசை சுருங்குனாத்தான்யா கை மேல வரும். சுருங்கச் சொல்றது நரம்பு. அதுக்கு வேண்டிய பலம் நாம சாப்பிடுறதுல இருந்து வருது. காலையில குடிச்ச கம்பங்கூழு சர்க்கரையா மாறித் தசையில சேந்திருக்கும். அதை எரிச்சுத்தான் தசை வேலை செய்யுது. கட்டை தடுத்ததால கைதான் நகரலை. தசை இழுத்துக்கிட்டேதான் இருந்துச்சு. நாம நிறுத்துனாலும் அது ஒடனே நிக்காது. தடுக்கக் கட்டை இல்லைன்னதும் கையத் தூக்கிருது."

"ஆக, அஞ்சு தலைமுறை மானத்தை ஒரு கும்பா கூழுதான் தீர்மானிக்குதோ?"

"கூழு கையத்தான் தூக்கும்யா. சில பேருக்கு எம்புட்டு அமுக்குனாலும் தூக்காது. அதுக்கும் குலத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை."

மானம் போன இடத்திலேயே அது திரும்பி வர வேண்டும். சுருளியாண்டிக்கு ஆள் அனுப்பிவிட்டு, மறுநாள் காலை சரிகைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் இருவரோடும் புளியமரத்தடிக்குப் போனேன். சுருளியாண்டியும் கர்ணனும் கூட்டத்தில் நின்றார்கள்.

ராஜாத்தி கேட்டாள்: "சாமி, இந்த நிலை இல்லாம கை தூக்குமா?"

"எவன் கையும் தூக்காது. என் கையே தூக்காது!"

"சத்தியமா?"

"கன்னி மேல சத்தியம்!"

வீரணன் சாமியின் ஒரு கையைப் பிடித்து விலாவோடு சேர்த்து அழுத்தினான். மறு கைக்கு யார் என்று நான் பார்ப்பதற்குள், கர்ணன் தன் தகப்பனை விட்டு வந்து அதைப் பற்றிக்கொண்டான்.

"ஏலே, விடுங்கடா!" சாமி கையை உதறி வெளியே தள்ளினார். தள்ளத் தள்ள அவர்கள் அழுத்தினார்கள். ராஜாத்தி கன்னிப்பாட்டை ஓர் அடியும் விடாமல், சாமியை விட நன்றாக, நிதானமாகப் பாடி முடித்தாள்.

"விடுங்க."

விட்டார்கள். நிலைச்சாமியின் இரண்டு கைகளும் பறக்கப் போகும் கொக்கைப் போல மெல்ல மேலே போயின. அவர் அவற்றைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெற்ற பிள்ளைகள் ஊரறியக் காட்டிக்கொடுத்தால்தான் ஒருவன் அப்படிப் பார்ப்பான்.

"ஆத்தாடி! சாமி மேலயே கன்னி இறங்கிட்டா!" என்று கூட்டத்திலிருந்த மொக்கம்மாள் அவர் காலில் விழுந்தாள்.

"எந்திரிங்க அத்தை," என்றாள் ராஜாத்தி. "நிலை அந்தா நிக்குது. சாமி இந்தா நிக்கிறாக. ரெண்டுக்கும் நடுவுல கன்னி எங்கன வந்தா?"

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு ஊரே சிரித்தது. பந்தயம் கட்டி ஒருவர் கையை ஒருவர் அழுத்திப் பார்த்தார்கள். அந்த ஆரவாரத்தில், சேவல் கொடுத்தவர்கள் சேவலைத் தேடுவதற்குள், சாமி குமுளிப் பாதையில் பாதித் தூரம் போயிருந்தார்.

சுருளியாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். "சம்பந்தி, முகூர்த்தம் குறிச்சுருவமா?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் கர்ணனைப் பார்த்தாள். பிறகு அவன் தகப்பனைப் பார்த்தாள்.

"அவுக யோசிச்சு வந்து கையப் பிடிச்சாக. அவுகளைக் கட்டிக்க எனக்குச் சம்மதம். நீங்க மட்டும் ரெண்டு நாள் யோசிச்சுட்டு வாங்க மாமா. பழக்கமில்லைன்னா நாலு நாள் ஆகட்டும்."

இதைப் படிக்கும் பெரியோர்களே, உங்கள் வீட்டு வாசலிலேயே நின்று அழுத்திப் பாருங்கள். கை மேலே போனால் உடனே கும்பிட்டுவிடாதீர்கள். ஏன் போனது என்று கேளுங்கள். கேட்காதவன் கையை எந்தப் பிச்சைமணியும் தூக்கிவிடுவான்.